கையெழுத்து மட்டும் போட்ட செக்

போன வாரம் பேரணாம்பட்டிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். ஷூவின் மேல்பகுதியை (அப்பர்) கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க், ஆறு மெஷின். கம்பெனியிலிருந்து பில் பணம் வர இரண்டு மாதம் ஆகிறது. தைக்கிறவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுத்தே ஆக வேண்டும். அந்த இடைவெளிக்குக் கடன் வாங்கியிருக்கிறான். "செக்குல கையெழுத்து மட்டும்தாண்ணே போட்டேன், தொகை எழுதல" என்றபோது எனக்கு வயிறு கலங்கியது. பல வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

வரவுக்கு மேல் செலவு செய்யாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். கடன் வாங்கியவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தொகை எழுதாத செக்

நான் வாங்கியது 2 லட்சம். மூன்று செக்கும், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஒன்றும் எழுதாத ஒரு புரோநோட்டும் கொடுத்தேன். பதினெட்டு மாதத்தில் வட்டியும் அசலும் ரொக்கமாகக் கட்டி முடித்தேன். "செக் வீட்ல இருக்கு, அப்புறம் தர்றேன்" என்றார் கடன் கொடுத்தவர். தெரிந்தவர்தானே என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் அதில் ஒரு செக் 6 லட்சத்துக்கு பேங்கில் போடப்பட்டுத் திரும்பியது. நகலைப் பார்த்தேன். கையெழுத்து நீல மையில் என்னுடையது. தொகையும் தேதியும் கறுப்பு மையில், வேறு யாரோ எழுதியது. இதுவே போதுமே என்றேன் வக்கீலிடம். போதாது என்றார். கையெழுத்து உன்னுடையது என்றால் கடன் இருக்கிறது என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது நீதான். தானாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்று செக்குக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நான் அடைத்ததற்கோ ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

அதற்கு மேல் இன்னொன்று செய்தேன். வக்கீல் நோட்டீஸ் வந்தபோது, பொய்க்கு எதற்குப் பதில் என்று கோபத்தில் மடித்து பீரோவில் வைத்தேன். நோட்டீஸ் கையில் கிடைத்துப் பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம், பிறகு செலாவணி முறிச் சட்டம் (Negotiable Instruments Act) 138-ஆவது பிரிவில் வழக்கு. தண்டனை இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு மூன்று வருஷம் அலைந்து, கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் 1.75 லட்சம் கொடுத்து முடித்தேன். அடைத்த கடனுக்கு இரண்டாம் தடவை கட்டிய பணம் அது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

செக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பெயர், தொகை எழுதிக் கொடுங்கள். எந்த நம்பர் செக், எந்தக் கடனுக்கு ஈடாக என்று ஒரு தாளில் எழுதி, கடன் கொடுப்பவர் கையெழுத்தை வாங்குங்கள். தவணையை பேங்க் வழியாக அனுப்புங்கள். ரொக்கம் என்றால் கையோடு ரசீது. கடைசித் தவணை அவர் கைக்குப் போகும்போது செக்கும் புரோநோட்டும் உங்கள் கைக்கு வர வேண்டும். தரவில்லையா, அந்த வாரமே செக் நம்பர்களைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்கள். இந்தச் செக்குக்குப் பணம் தராதீர்கள் என்று பேங்கில் ஸ்டாப் பேமென்ட் சொன்னால் மட்டும் தப்பிக்க முடியாது.

தண்டல் எடுத்து வேறு கடனை அடைப்பது

10,000 என்று பேர், கையில் வருவது 8,500. தினம் 100 வீதம் நூறு நாள். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. 2003-ஆம் வருஷக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டல் என்ற சொல்லே இருக்கிறது. மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம்.

சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுப்பது

வட்டி அதிகமுள்ள கடனுக்கு முதலில் கொடுங்கள்.

போனை அணைத்து வைப்பது

வேண்டாம். நேரில் போங்கள்.

பேங்க் செட்டில்மென்ட்

பேங்க் கடனைக் குறைத்துக் கட்டி முடித்தால், நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபிலில் 'செட்டில்டு' என்று விழும், அடுத்த லோனுக்கு அது தடை. முழுதாகக் கட்ட வழியிருந்தால் தவணையை நீட்டிக் கேளுங்கள். எப்படி முடித்தாலும் பாக்கி இல்லை என்கிற நோ டியூ சர்ட்டிபிகேட் வாங்காமல் வராதீர்கள்.

அந்தத் தம்பியின் செக் புக்கை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினோம். இரண்டு தாள் குறைந்தது. நம்பரை எழுதிக்கொண்டோம். கடன் இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. இந்த மாதத் தவணை கொடுக்கும்போது, இதுவரை கட்டியதற்கெல்லாம் சேர்த்து எழுதி வாங்க நானும் கூடப் போகிறேன்.