பேச்சிப்பாறைக்கு சைக்கிளில் போய் ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கி வருவது எப்படி?

சனிக்கிழமை விடிகாலை நாகர்கோவிலில் மிதிக்கத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரத்தில் உள்ள பேச்சிப்பாறை அணைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். போக சுமார் 40 கிலோமீட்டர், திரும்பி வர அதைவிடக் கொஞ்சம் கூட. தினம் சைக்கிள் ஓட்டாதவர்களும் ஒரு மாதம் பழகினால் முடிகிற தூரம்தான். கூடாரத்தில் படுத்தே பழக்கமில்லாதவர்களை மனதில் வைத்து, தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் ராத்திரியை முடிவு செய்யுங்கள்

எல்லாரும் வழி பார்ப்பதிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் படுக்கப்போகிற இடத்திலிருந்து தொடங்குங்கள். அது உறுதியானால்தான் எத்தனை மணிக்குக் கிளம்புவது, எவ்வளவு சாமான் எடுப்பது, சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதெல்லாம் முடிவாகும்.

பேச்சிப்பாறை அணையின் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி, தண்ணீர் நடுவே தெரிகிற திட்டில் கூடாரம் போடலாமா என்பது. கூடாது. 1897இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த அணை இது. கோதையாற்றை மறித்ததும் பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறியது, மேட்டுப்பகுதிகள் மட்டும் வெளியே நின்றன. அந்த மேடுகளைச் சுற்றி இருப்பது வனத்துறையின் காடு. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமும் இந்த மலைகளில்தான் இருக்கிறது. யானை நன்றாக நீந்தும் என்பதால், நாலு பக்கமும் தண்ணீர் இருந்தால் பயமில்லை என்ற கணக்கு இங்கே செல்லாது. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் ராத்திரி தங்குவது வனச்சட்டப்படி குற்றமும்கூட.

அணைக்கு அக்கரையில் தோட்டமலை போன்ற, காணி என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகள் உண்டு. அவர்கள் படகில்தான் வந்து போகிறார்கள். ரேஷன், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அந்தப் படகுதான். காசு கொடுத்து அதில் ஏறித் திட்டுக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். பிடிபட்டால் நீங்கள் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள், படகுக்காரருக்கு வரும் சிக்கல் அங்கேயே நிற்கும்.

கூடாரம் போட ஏற்ற இடம் குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் நடுவில் உள்ள பட்டா நிலம். ரப்பர் தோட்டமோ தென்னந்தோப்போ, ஆள் குடியிருக்கும் வீட்டை ஒட்டி இருக்க வேண்டும். அரசு ரப்பர் கழகத் தோட்டங்கள் வேண்டாம், அவை வனநிலத்தில் இருப்பவை. தெரிந்தவர் வழியாகவோ, அந்தப் பக்கத்து தங்கும் வீடுகள் வழியாகவோ உரிமையாளரிடம் ஒரு வாரம் முன்பே போனில் பேசுங்கள். ஆள் எத்தனை, எத்தனை மணிக்கு வருவீர்கள், கழிப்பறை கிடைக்குமா, குடிதண்ணீர் உண்டா, ராத்திரிச் சாப்பாடு தருவார்களா, தொகை எவ்வளவு என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடுங்கள். "தீ மட்டும் போடப்பிடாது மக்கா, இலையெல்லாம் காஞ்சு கெடக்கு" என்று எனக்கு இடம் கொடுத்த அண்ணாச்சி முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார். அப்படிக் கறாராகப் பேசுகிறவரின் இடத்தில் நிம்மதியாகப் படுக்கலாம்.

வனத்துறை சோதனைச்சாவடி இருக்கும் சாலையில் நீங்கள் போகும் இடம் இருந்தால், யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

எந்த மாதம்?

குமரிக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழையும் கூடாரத்துக்கு ஆகாது. ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கோடைமழை பிடித்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம்.

அந்த மாதங்களில் ஒரு சங்கடம் இருக்கிறது. ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலம் அதுதான். தோட்டம் முழுக்கச் செம்பு நிறத்தில் சருகு மூடியிருக்கும், நிழல் இருக்காது. ஒரு சிகரெட் துண்டு போதும், வரிசை வரிசையாகப் பற்றிக்கொள்ளும். பிறகு வரும் புதுத் தளிரில் தேன் சுரக்கும் என்பதால் தோட்டத்துக்குள் தேன்பெட்டிகள் வைத்திருப்பார்கள். அவற்றிலிருந்து தள்ளியே கூடாரம் போடுங்கள், ராத்திரி டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள்.

கிளம்பும் முன் பேப்பரில் அணை நீர்மட்டம் பாருங்கள். தினமும் போடுவார்கள். பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி. பேச்சிப்பாறை 48ஐ நெருங்கினால் உபரி நீரைத் திறப்பார்கள். அது கோதையாற்றில்தான் போகும், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை வந்துவிடும். அப்படி ஒரு வாரம் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

சைக்கிளும் சாமானும்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. கியர் இருந்தால் நல்லது, ஏனென்றால் தக்கலைக்கு மேற்கே சமதளம் என்பதே கிடையாது. ஒரு மேடு ஏறி முடித்ததும் இறக்கம், அது முடிந்ததும் அடுத்த மேடு. கியர் இல்லாவிட்டால் மேடுகளில் இறங்கித் தள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சீட் உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே விட்டு, அதன்மேல் குதிங்காலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் அளவு. சீட் தாழ்வாக இருந்தால் 20 கிலோமீட்டரிலேயே முழங்கால் வலிக்கத் தொடங்கும்.

முதுகில் பையை மாட்டாதீர்கள். கேரியரின் இருபக்கமும் தொங்கும் பைகளில் எடை அதிகமானதை அடியில் வையுங்கள், இரு பக்கமும் ஒரே எடை இருக்கட்டும். கூடாரத்தைக் கேரியரின் மேல் நீளவாக்கில் கட்டலாம். சைக்கிளைச் சேர்க்காமல் மொத்தம் 10 கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு பேர் படுக்கும் கூடாரம், தரையில் விரிக்கத் தார்ப்பாய், படுக்கப் பாய், ஒரு போர்வை, ஒரு மாற்று உடை, தலையில் மாட்டும் டார்ச், பின்னால் சிவப்பு விளக்கு, ஹெல்மெட், ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், மருந்துப் பை. அடுப்பும் பாத்திரமும் முதல் பயணத்துக்கு வேண்டாம். வீட்டுக்காரரிடமே காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் கிடைக்கிற ஊரில் பாக்கெட் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருப்பது வீண்.

பங்சர் ஒட்டுவதை வீட்டிலேயே ஒருமுறையாவது செய்து பார்த்துவிடுங்கள். மாற்று ட்யூப், டயர் நெம்பும் பிளாஸ்டிக் பட்டைகள் இரண்டு, கைப்பம்பு ஆகிய மூன்றும் இருந்தால் ஒட்டவே வேண்டாம், ட்யூபை மாற்றிவிடலாம். காற்றை முழுக்க இறக்குங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் பட்டையைச் செருகி டயர் ஓரத்தை நெம்புங்கள், இரண்டாவது பட்டையை ஒரு சாண் தள்ளிச் செருகி இழுத்தால் ஒரு பக்கம் முழுக்கக் கழன்று வரும். பழைய ட்யூபை எடுத்ததும் உடனே புதியதைப் போடாதீர்கள். டயரின் உள்பக்கத்தை விரலால் மெல்ல, முழு வட்டமும் தடவுங்கள். முள்ளோ கம்பித் துண்டோ நகத்தில் தட்டும். அதை எடுக்காமல் விட்டால் புது ட்யூப் பத்தே நிமிடத்தில் போய்விடும். புது ட்யூபில் வடிவம் பிடிக்கிற அளவுக்குக் கொஞ்சம் காற்று ஏற்றி, வால்வை முதலில் துளையில் விட்டு, சுற்றிலும் உள்ளே தள்ளுங்கள். டயர் ஓரத்தைக் கைப்பெருவிரலாலேயே ஏற்றிவிடப் பாருங்கள். பட்டையால் ஏற்றினால் ட்யூபைக் கிள்ளிவிடும். காற்று முழுக்க ஏற்றும் முன் இரு பக்கமும் பார்த்து, ட்யூப் எங்கும் பிதுங்கவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

வழி

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புங்கள். பார்வதிபுரம், வில்லுக்குறி, புலியூர்க்குறிச்சி வழியாகத் தக்கலை வரை தேசிய நெடுஞ்சாலை. குறுகலான சாலை, பஸ் வேகமாக வரும். இந்த 16 கிலோமீட்டரை ஏழரைக்குள் தாண்டிவிடுவதுதான் இந்தப் பயணத்தில் மிக முக்கியமான நேரக்கணக்கு. விளக்கை எரியவிட்டு, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். தக்கலையில் புட்டு, பயறு, பப்படம் சாப்பிட்டுவிட்டு, ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம், இரண்டே கடியில் தீர்ந்துவிடும், மேடு ஏறும்போது வயிற்றைக் கனக்க வைக்காது.

அழகியமண்டபத்தில் நெடுஞ்சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பி வேர்க்கிளம்பி, ஆற்றூர், திருவட்டாறு, குலசேகரம் என்று போக வேண்டும். இனி அவசரம் வேண்டாம். மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், பாதி மேட்டில் அழுத்தி மிதித்துக்கொண்டு மாற்றினால் செயின் கழன்றுவிடும். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். சாமான் ஏற்றிய சைக்கிள் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் நிற்கும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் வழியில் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. நடை திறந்திருந்தால் போய்வரலாம்.

குலசேகரத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு அணைக்கு ஏறுங்கள். அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அங்கேயே இருக்கிறது. கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுசேர்த்த வேலை அது. அணைத் தண்ணீரில் மட்டும் இறங்க வேண்டாம். கரையிலிருந்து இரண்டடி தள்ளி எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, அடியில் சேறு.

கூடாரம் போடுவது

நாலரை மணிக்கெல்லாம் இடத்தில் இருங்கள். முதலில் மேலே பாருங்கள். தென்னைக்கு அடியில் போடக்கூடாது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் மரமும் காற்றில் எளிதில் முறியும், ஆகவே வீட்டு முற்றத்தை ஒட்டிய வெட்டவெளியே மேல். பிறகு கீழே பாருங்கள். மழைத்தண்ணீர் ஓடிய தடம், எறும்புப் புற்று, பொந்து எதுவும் இருக்கக்கூடாது. சருகை ஒதுக்கித் தரையைத் தெரிய வையுங்கள்.

தார்ப்பாயைக் கூடாரத்தின் அடியைவிடச் சிறியதாக மடித்து விரியுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழை அதில் விழுந்து அடியில் தேங்கும். முளைகளைத் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். இங்கே பல இடங்களில் மேல்மண்ணுக்குக் கீழே பாறைதான், முளை இறங்காது. அப்போது கயிற்றைத் தலையளவு கல்லில் கட்டிப் பக்கத்தில் வையுங்கள். மேல்துணியை முழுக்க மூடிவிடாமல் காற்றோட்டத் திறப்புகளை விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் விடியும்போது உங்கள் மூச்சுக்காற்றே உள்ளே தண்ணீராகச் சொட்டும். படுக்கும்போது தலை மேட்டுப்பக்கம் இருக்கட்டும்.

பழம், சாப்பாடு எதையும் கூடாரத்துக்குள் வைக்காமல் வீட்டுத் திண்ணையில் வைத்துவிடுங்கள். காட்டுப்பன்றி மரச்சீனி தேடி வரும் ஊர் இது. பன்றிக்குச் சிலர் கள்ளத்தனமாக மின்வேலி போடுவதும் உண்டு. ஆகவே இருட்டிய பிறகு அடுத்தவர் தோட்டத்துக்குள் நடக்கவே கூடாது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈரமான நாள் என்றால் அட்டை இருக்கும், காலுறைக்குள் பேண்டைச் செருகி, கையில் கொஞ்சம் உப்பு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், கடித்த காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

ரப்பர் பால்வெட்டு நடக்கும் தோட்டம் என்றால், விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்காரர் வருவார். மரத்துக்கு மரம் வெளிச்சம் நகரும். பட்டையில் சாய்வாக மெல்லிய சீவல் ஒன்று எடுத்ததும் பால் வெட்டு வழியே இறங்கி, மரத்தில் கட்டிய சிரட்டையில் (கொட்டாங்குச்சி) சொட்டத் தொடங்கும். அவர் நடக்கும் வரிசையில் கூடாரக் கயிறு குறுக்கே இருக்கக் கூடாது. மரத்தில் சைக்கிளைச் சாய்க்கவோ சிரட்டையைத் தொடவோ கூடாது. ஒரு சிரட்டை கவிழ்ந்தாலும் அது அவருடைய நாள்கூலி.

திரும்பி வருவது

ஞாயிறு காலை ஏழு மணிக்குள் கூடாரத்தைச் சுருட்டி, குலசேகரம் வழியாகத் திற்பரப்பு போங்கள். அருவியில் குளிக்கும்போது சைக்கிளைப் பூட்டி, கட்டண நிறுத்தத்திலேயே விடுங்கள். அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றின் மேல் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோக, காமராஜர் காலத்தில் திட்டமிட்டு 1966இல் முடித்த பாலம். 28 தூண்கள், உயரம் 115 அடி. சைக்கிளை வெளியே விட்டு நடந்து போங்கள். மத்தியான வெயிலில் தேசிய நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம். திருவட்டாறில் சாப்பிட்டு இளைப்பாறி, மூன்றரைக்கு மேல் கிளம்பினால் இருட்டும் முன் நாகர்கோவில்.

வீட்டுக்கு வந்த அன்றே கூடாரத்தைப் பிரித்து மாடியில் காயப்போடுங்கள். பனி ஈரத்தோடு மடித்து வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துத் துணி நாற்றமடிக்கும். செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விட்டு, மிச்ச எண்ணெயை மறுபடி துடைத்தெடுங்கள். இடம் கொடுத்தவருக்குப் போன் போட்டு, நல்லபடியாக வந்து சேர்ந்தோம் என்று சொல்லிவிடுங்கள்.