வெர்வெட் குரங்கு பத்தி பேசும்போது பண்ணக்கூடாத தப்புகள்

ஆப்பிரிக்கா சவன்னால வாழுற வெர்வெட் குரங்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச ஜீவன், அதனாலயே அதைப் பத்தி தப்பா யாராவது சொன்னா மனசு கேக்க மாட்டேங்குது.

அடிக்கடி வர்ற தப்பு, "அதுங்க மனுஷன் மாதிரியே பேசுதுங்க"ன்னு சொல்றது. பாதிதான் உண்மை. கென்யாவுல அம்போசெலிங்கற வனவிலங்குப் பகுதியில ஆராய்ச்சி பண்ணின ஸ்ட்ரூசேக்கர் 1967லயே எழுதிட்டார், சிறுத்தைக்கு ஒரு சத்தம், கழுகுக்கு ஒரு சத்தம், பாம்புக்கு வேற சத்தம்னு. அப்புறம் சேஃபார்த், செனி, மார்லர்ங்கற மூணு ஆராய்ச்சியாளருங்க அந்தச் சத்தங்களை ரெக்கார்ட் பண்ணி, ஸ்பீக்கரை மறைச்சு வெச்சு போட்டுப் பாத்தாங்க, 1980ல ரிசல்ட் வந்துச்சு. பக்கத்துல எந்த மிருகமும் கிடையாது, ஆனா சிறுத்தை சத்தம் கேட்டா மரத்துல ஏறுது, கழுகு சத்தம்னா மேல பாத்துட்டு புதருக்குள்ள ஓடுது, பாம்பு சத்தம்னா ரெண்டு கால்ல எழுந்து நின்னு புல்லுக்குள்ள உத்து உத்துப் பாக்குது. இதோட கதையை நிறுத்திடுறாங்க பாருங்க, அங்கதான் பிரச்சனையே. ஏன்னா மலைப்பாம்பு மண்ணுல ஊர்ந்துபோன தடத்தைப் பாத்தா அதே குரங்கு கண்டுக்கறதே இல்ல, சிறுத்தை அடிச்சு மரத்துல போட்டு வெச்ச இரை தொங்கினாலும் அலட்டிக்காது. குட்டிங்களும் அந்தச் சத்தத்தை நாம வார்த்தை கத்துக்கற மாதிரி கத்துக்கறதில்ல, சத்தம் கிட்டத்தட்ட கூடவே பிறந்தது, எப்போ போடணும்னுதான் பழகணும். மேலருந்து ஒரு இலை விழுந்தாக்கூட கழுகு சத்தம் போடுற வயசு ஒண்ணு இருக்கு, பாக்கவே பாவமா இருக்கும்.

அடுத்தது "கூட்டத்துக்கு ஒரு ஆம்பள ராஜா"ங்கற நெனப்பு. ஆண் குரங்கு 5 வயசு வாக்குல பிறந்த கூட்டத்தை விட்டுட்டுப் போயிடும், தங்குறது பொண்ணுங்கதான், அம்மாவோட அந்தஸ்துதான் மகளுக்கும். ஒரு குட்டி அலறுற சத்தத்தைப் போட்டுக் காட்டினப்போ அதோட அம்மா ஸ்பீக்கர் பக்கம் பாத்துச்சு, மத்த பொண்ணுங்க அந்த அம்மாவைத் திரும்பிப் பாத்துச்சுங்க. யாரு யாரோட பிள்ளைன்னு அவ்ளோ தெளிவா தெரிஞ்சிருக்கு! எனக்கு இதுதான் அந்தச் சத்தக் கதையை விடப் பெரிய விஷயம்.

பேரையும் குழப்பிக்காதீங்க. பார்படோஸ்ல இருக்கிறது மேற்கு ஆப்பிரிக்காலருந்து கப்பல்ல போன பச்சைக் குரங்கு, சொந்தக்காரன்தான், ஆனா வெர்வெட் இல்ல. செவந்த முடியோட நீளக் கால் வெச்சுக்கிட்டு மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்துல ஓடுறது பட்டாஸ் குரங்கு, அது வேற. வெர்வெட்டுக்கு கறுப்பு முகம், நெத்தில வெள்ளைப் பட்டை. குட்டி மட்டும் ரோஸ் கலர் முகமும் கறுப்பு முடியுமா இருக்கும், வேற இனக் குரங்குன்னு நெனச்சிடாதீங்க.

சவன்னான்னா வெறும் புல்லுன்னு நெனக்கறதும் தப்பு. ராத்திரி தூங்க மரம் வேணும், பக்கத்துல தண்ணி வேணும், அதனால ஆத்தோரத்து அகேசியா (வேல மர வகை) மரங்களை விட்டு ரொம்ப தூரம் போகாது. அம்போசெலில மஞ்சப் பட்டை அகேசியா பட்டுப்போக ஆரம்பிச்சப்போ வெர்வெட் எண்ணிக்கையும் சரிஞ்சுது.

கடைசியா, "எல்லாம் இயல்பூக்கம்தான், புதுசா ஒண்ணும் கத்துக்காது"ன்னு ஒதுக்கிடாதீங்க. தென்னாப்பிரிக்காவுல ஒரு சோதனை, 2013ல வெளிவந்தது. மக்காச்சோளத்துக்கு ரோஸ், நீலம்னு சாயம் போட்டு, ஒரு கூட்டத்துக்கு ஒரு கலரைக் கசப்பாக்கிக் குடுத்தாங்க, இன்னொரு கூட்டத்துக்கு மத்த கலரை. அப்புறம் கசப்பை எடுத்தும் பெரிய குரங்குங்க முன்னாடி கசக்காம இருந்த கலரைத்தான் தின்னுச்சு, புதுசா பிறந்த 27 குட்டிகள்ல 26 குட்டி தன் கூட்டம் தின்ன கலரையே எடுத்துச்சு. கூட்டம் மாறிப் போன ஆண் குரங்குகள்ல பெரும்பாலானது, இத்தனை நாள் கசப்புன்னு ஒதுக்கின கலரை, புதுக் கூட்டம் தின்னுறதைப் பாத்துட்டு தானும் அள்ளித் தின்ன ஆரம்பிச்சிடுச்சு.