சுகாதார மேம்பாடு படிக்கிறீர்களா? பேப்பர்களைக் கடைசி செமஸ்டரிலிருந்து திட்டமிடுங்கள்

பேப்பர் பதிவு செய்கிற நாளில், பக்கத்தில் இருப்பவர் எதை எடுக்கிறார் என்று எட்டிப் பார்த்து எடுக்காதீர்கள். முதல் வாரமே சிலபஸை வாங்கி, ஒரு முழுத்தாளில் செமஸ்டருக்கு ஒன்றாக ஆறு கட்டம் போட்டு, கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு வாருங்கள்.

கடைசியில் இருப்பது களப்பணி. ஒரு ஊரில் திட்டம் நடத்தத் திட்டமிடலும் மதிப்பீடும் தெரிய வேண்டும், அதற்கு நோய்ப்பரவலியல் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று பார்க்கும் பாடம்), அதற்கும் முன்னால் புள்ளியியல். பிளஸ் டூவில் கணக்கு எடுக்காத பயத்தில் நான் புள்ளியியலைத் தள்ளிப்போட்டேன், பின்னால் வரவேண்டிய எல்லாமே தள்ளிப்போனது. அதை முதல் வருடத்திலேயே எடுத்துவிடுங்கள், அரியர் விழுந்தாலும் எழுதித் தேற நேரம் இருக்கும்.

அப்புறம் கிரெடிட் கணக்கு, அதாவது ஒவ்வொரு பாடத்தின் அளவைக் காட்டும் எண். யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 சட்டகப்படி மூன்று வருடத்துக்கு 120, அதாவது செமஸ்டருக்கு 20 வாக்கில். உங்கள் பல்கலைக்கழக எண்ணைச் சிலபஸில் பாருங்கள். வகுப்புப் பாடத்துக்கு ஒரு கிரெடிட் என்றால் 15 மணி நேரம், களப்பணிக்கு 30. நாலு கிரெடிட் களப்பணி 120 மணி நேரம் ஆகிவிடும், வேதாரண்யத்திலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ பஸ்ஸில் வந்துபோகிறவர்களுக்குப் பயண நேரம் தனி. அந்த செமஸ்டரில் மற்ற விருப்பப் பாடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நம் டெல்டாவில் மாதத்தையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது வீடு வீடாகக் கணக்கெடுப்பது நடக்காத காரியம், அதனால் வாய்ப்பு இருந்தால் களப்பணியை ஜனவரிக்குப் பிறகு வரும் செமஸ்டரில் வையுங்கள். பொங்கலை ஒட்டி சம்பா அறுப்பு நடக்கும், பகலில் போனால் வீட்டில் ஆள் இருக்காது, சாயங்காலம்தான் போக வேண்டும். எந்தத் தெருவில் எப்போது ஆள் இருப்பார்கள் என்று அந்த ஊர் கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும், அவரை முன்கூட்டியே போய்ப் பாருங்கள்.

விருப்பப் பாடத்தில் ஊட்டச்சத்தாகவே அடுக்க வேண்டாம். சுகாதார மேம்பாட்டுக்கு அடிப்படையான உலக ஆவணம் 1986 ஒட்டாவா சாசனம். அது சொன்ன ஐந்து வேலைகளில் தனிமனிதருக்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான், கொள்கையும் சூழலும் ஊர்மக்கள் கூடிச் செய்வதும் சேவையைத் திருத்துவதும் மீதி. சமூகவியல், உள்ளாட்சி, தகவல் தொடர்பு கிடைத்தால் தயங்காமல் எடுங்கள்.

மத்திய அரசின் ஆன்லைன் தளமான ஸ்வயம் நடத்தும் பாடம் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். சேருவதற்கு முன்பே அந்த கிரெடிட் உங்கள் பட்டத்தில் ஏறுமா என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவரிடம் அந்த ஆறு கட்டத் தாளையும் காட்டி, அவர் திருத்தியதை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பதிவு முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்பாகவே பதிவு செய்துவிடுங்கள்.