கொலோனோஸ்கோபி: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கொலோனோஸ்கோபி என்பது ஆசனவாய் வழியே கேமரா குழாயைச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை. பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் அதைப் பற்றி நோயாளிகளிடம் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்பேன். அந்த வயதில் நாங்கள் சொன்னதையே இவர்களும் சொல்கிறார்கள். பரிசோதனைக்கு முதல் நாள் என்ன சாப்பிடலாம் என்பதெல்லாம் கையில் தரும் தாளிலேயே இருக்கும்; அதை விட்டுவிடுகிறேன்.

பாசிட்டிவ் வந்த பிறகும் இன்னொரு மலப் பரிசோதனை

கொலோனோஸ்கோபிக்குப் பதில் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட் எனும் பரிசோதனையைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை. அறிகுறி எதுவும் இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வராத ஒருவர் ஆண்டுதோறும் அதைச் செய்துவந்தால் நல்ல மாற்றுதான். குடலைச் சுத்தமாக்கும் பேதி மருந்து வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம். ஆனால் மலத்தில் ரத்தம் இருப்பதாக முடிவு வந்துவிட்டால் அடுத்தது கொலோனோஸ்கோபிதான். "மூலநோயாக இருக்கும், எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

பாலிப்போ (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) புற்றுக்கட்டியோ நாள் தவறாமல் கசிவதில்லை. இரண்டாவது மாதிரியில் ரத்தம் இல்லையென்றால் அன்று கசியவில்லை, அவ்வளவுதான். இப்படி ஒருவர் 'நெகட்டிவ்' என்ற இரண்டாவது தாளை நம்பி நிம்மதியாகப் போனார். மறு ஆண்டு வெளிறிப்போய், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று வந்தார். கடுமையான ரத்தசோகை. உள்ளே பார்த்தால் வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி. அவருக்கு மூலமும் இருந்தது. அதனால்தான் எல்லாரும் ஏமாந்தார்கள்.

பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. பாலிப் இருந்தால், அது புற்றாக மாறும் முன்பே, பெரும்பாலும் அதே அமர்வில் வெட்டி எடுத்துவிடலாம். வேறு எந்தப் பரிசோதனையிலும் நோயைத் தேடும்போதே அதைத் தடுக்கவும் இந்த அளவுக்கு வழியில்லை.

கொலோனோஸ்கோபிக்குப் பதில் எடுக்கும் பெருங்குடல் சி.டி. ஸ்கேனுக்குப் பேதி மருந்து தேவையில்லை என்று நினைப்பது

பொதுவாக அதற்கும் தேவை. பாலிப் தெரிந்தால் மறுபடி கொலோனோஸ்கோபிக்குத்தான் வர வேண்டும்.

"ஆபத்தே கிடையாது" என்ற பேச்சை நம்புவது

குடலில் துளை விழுவது அரிது. வெறும் பரிசோதனைக்கு வருபவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பாலிப்பை வெட்டினால் அபாயம் சற்றுக் கூடும். வெட்டிய இடத்தில் இரண்டு வாரம் வரைகூட ரத்தம் கசியலாம். வீட்டுக்குப் போன பிறகு வயிறு இறுகி வலித்தால், காய்ச்சல் வந்தால், ரத்தம் கட்டிகட்டியாகப் போனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது

கூடாது. இதய மருத்துவரையும் கேளுங்கள்.

இரண்டாவது தவணைப் பேதி மருந்தை விட்டுவிடுவது

குடல் சுத்தமாகாமல் வந்தால் சிறிய பாலிப் கண்ணுக்குத் தப்பும். இன்னொரு நாள் முதலிலிருந்து குடிக்க வேண்டியதுதான்.