பழைய இழைப்பு மெஷினுக்கு மோட்டார் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கோயம்புத்தூரில் மோட்டார் கிடைப்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. 1937-லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டு மோட்டாரைச் செய்து காட்டிய ஊர் இது. மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலைக் கட்டும் கடை பக்கத்திலேயே எங்காவது இருக்கும். அந்த வசதிதான் நம்மை அவசரப்படுத்துகிறது. மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்பு மெஷின் நின்றதும் "மோட்டார் போச்சுங்க" என்று கழற்றி மொபெட்டில் வைத்துக் கட்டிவிடுகிறார்கள்.

முதல் தவறே அதுதான். சுவிட்ச் போட்டால் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் காயில் நன்றாகவே இருக்கலாம். சிங்கிள் பேஸ் மோட்டாரைக் கிளப்பிவிடுவது ஸ்டார்ட் கண்டன்சர் (மின்தேக்கி). வேகம் பிடித்ததும் அதைத் துண்டிப்பது உள்ளே இருக்கும் சென்ட்ரிபியூகல் சுவிட்ச். மரப்பட்டறையில் இந்தச் சுவிட்சின் பாயின்ட்டுகளுக்கு நடுவே மரத்தூள் அப்பிக்கொள்ளும்; பாயின்ட் ஒன்றையொன்று தொடவே தொடாது. மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூளைத் தட்டி, கருத்த பாயின்ட்டை நைஸ் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தாலே பல மோட்டார்கள் ஓடிவிடும். அதற்கும் சரியாகவில்லையென்றால் கண்டன்சரை மாற்றிப் பாருங்கள். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் கரண்ட் தங்கியிருக்கும். குண்டு பல்பு மாட்டிய ஒரு ஹோல்டரின் வயர்களை அதன் இரண்டு முனையிலும் வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

உறுமும் மோட்டாரை 'கிளம்பிடும்' என்று சுவிட்சை விடாமல் போட்டு வைத்தால், நல்ல காயிலும் நிமிஷத்தில் கருகிவிடும். பெல்ட்டைக் கையால் இழுத்துக் கிளப்புவதை இன்றும் பார்க்கிறோம். அந்தப் பக்கம் பிளேடு இருக்கிறது; வேண்டாம்.

மூன்று பேஸ் மோட்டார் உறுமினால் ஒரு பேஸ் வரவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். இங்கே டெஸ்டர் ஏமாற்றும். மோட்டார் சேர்ந்திருக்கும்போது, செத்த பேஸிலும் காயில் வழியாகக் கரண்ட் திரும்பி வந்து விளக்கு எரியும். மீட்டர் வைத்து இரண்டிரண்டு பேஸாக அளந்து பாருங்கள். மூன்று ஜோடியிலும் 415 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். அப்புறம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரையும், பிளேடு மாட்டியிருக்கும் கட்டர் பிளாக்கையும் தனித்தனியாகக் கையால் சுற்றுங்கள். பிளாக்கின் பேரிங்தான் பிடித்திருக்கிறது என்றால், புது மோட்டார் வாங்கியும் பயனில்லை.

சரி, மோட்டார் உண்மையிலேயே எரிந்துவிட்டது. கடையில் போய் "மூணு எச்.பி. ஒண்ணு கொடுங்க" என்று மட்டும் கேட்பது அடுத்த தவறு. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நாலு போல் (காந்த முனை) மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 1440 சுற்று ஓடும். இரண்டு போல் மோட்டார் சுமார் 2880. பழையது 1440 ஆக இருந்து, அதே புல்லியோடு 2880-ஐ மாட்டினால் கட்டர் பிளாக் இரு மடங்கு வேகத்தில் பறக்கும். பிளேடு தெறித்தால் எதிரில் நிற்பவர் கதி என்ன?

ஷாஃப்ட்டும் முக்கியம். பழைய மெஷின்களில் அங்குலக் கணக்கு இருக்கும். ஒரு அங்குலத் துளை போட்ட புல்லி என்றால் 25.4 மில்லி. இன்று வரும் 90 பிரேம் (மோட்டார் உடலின் அளவு எண்) மோட்டாரின் ஷாஃப்ட் 24 மில்லி. இந்த 1.4 மில்லி இடைவெளியில் தகரத்தைச் சுருட்டிச் செருகி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். புல்லி ஆடும், பெல்ட் தேயும், பேரிங் போகும். கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறைக்கா பஞ்சம்? இடைவெளியை அடைக்க ஒரு புஷ் (வளையம்) கடைந்து போட்டுக்கொள்ளுங்கள். புல்லியைச் சுத்தியால் அடித்து ஏற்றாதீர்கள். அடி நேராகப் பேரிங்கில் விழும்.

இதையெல்லாம் அளக்க வேண்டுமானால் பழைய மோட்டார் கையில் இருக்க வேண்டும். காப்பர் விலைக்கு ஆசைப்பட்டு அன்றைக்கே உக்கடம் பழைய இரும்புக் கடையில் எடை போட்டுவிட்டு, "மோட்டார் தகட்டுல என்ன போட்டிருந்துச்சுங்க?" என்று யாரிடம் கேட்பது? தகட்டைப் போட்டோ எடுத்து, ஷாஃப்ட், உயரம், அடிப்போல்ட் இடைவெளி எல்லாம் குறித்த பிறகு கொடுங்கள்.

புது மோட்டாரில் வயர் முனைகளைச் சேர்க்கும் முறை ஸ்டாரா, டெல்டாவா என்பதைத் தகட்டைப் பார்த்துக் கட்டுங்கள், பழைய வயர் இருந்தபடி அல்ல. பெல்ட் மாட்டுவதற்கு முன் ஒரு முறை ஓட்டிச் சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் ஏதாவது இரண்டு பேஸ் வயரை இடம் மாற்றினால் போதும். ஸ்டார்ட்டரில், கரண்ட் அளவுக்கு மேல் போனால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயைப் புது மோட்டாரின் ஆம்பியருக்குத் திருப்பி வையுங்கள். வெறும் சுவிட்ச் வைத்த பழைய மெஷினாக இருந்தால், நோ வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். அது இருந்தால், கரண்ட் போய்த் திரும்பி வரும்போது மெஷின் தானாகக் கிளம்பாது.