விலை கொடுப்பது யார்? முழு மனதோடு சீஷராக விரும்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாத வாலிபர் முகாம்கள் முடிந்ததும் சிலர் என்னைத் தேடி வருவார்கள். "ஐயா, என்னை முழுவதுமாக ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன், வேலையை விடப்போகிறேன்" என்பார்கள். அவர்கள் முகத்தில் தெரியும் மகிழ்ச்சி உண்மையானது. அதை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. அந்த வயதில் நானும் இதே சொற்களைச் சொல்லி இதே இடங்களில் இடறியவன் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஜெபம் குறைவது, வேதம் வாசிக்காமல் விடுவது, பண ஆசை ஆகியவற்றைப் பற்றி எல்லாப் பிரசங்கத்திலும் கேட்டிருப்பீர்கள். நான் சொல்லப்போவது ஜெபிக்கிறவர்களும் நல்ல மனம் உள்ளவர்களும் செய்கிற தவறுகளை.

கூட்டம் முடிந்த இரவிலேயே கணக்கை முடித்துவிடுவது

லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இயேசு இரண்டு பேரைக் காட்டுகிறார். ஒருவன் கோபுரம் கட்ட நினைக்கிறவன். இன்னொருவன் பதினாயிரம் பேரை வைத்துக்கொண்டு இருபதினாயிரம் பேரோடு வருகிறவனை எதிர்க்க வேண்டிய ராஜா. இருவரும் முதலில் செய்வது ஒன்றுதான்: உட்காருகிறார்கள். நம் கன்வென்ஷனின் கடைசி இரவில் எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறோம், பாட்டு ஓடுகிறது, கைகள் உயர்கின்றன. அந்த நேரத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று நினைத்துவிடுகிறோம். கணக்குப் பார்க்கச் சொன்னவர் ஆண்டவரேதான். தீர்மானத்தை அன்றே எடுங்கள், தவறில்லை. ராஜினாமாக் கடிதத்தை மட்டும் அந்த வாரத்தில் அனுப்பாதீர்கள். உங்கள் சபை ஊழியரிடமும், உங்களுக்கு "வேண்டாம்" என்று சொல்லத் துணிகிற ஒருவரிடமும் முதலில் பேசுங்கள்.

தன் சிலுவையை வீட்டார் தோளில் வைப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. மற்ற தவறுகள் செய்தவரைத்தான் வாட்டும். இது மட்டும் செய்தவருக்குப் புகழைக் கொடுத்து, மற்றவரைத் தண்டிக்கும்.

பொறியியல் படித்த ஓர் இளைஞர், நல்ல வேலையில் இருந்தவர், முகாமுக்குப் பிறகு வேலையை விட்டு வடமாநிலப் பணித்தளம் ஒன்றுக்குப் போனார். விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் சபைகளில் சாட்சி சொன்னார்: கை நிறையச் சம்பளத்தை உதறிவிட்டு வந்தேன். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். சாட்சியில் வராத ஒன்று இருந்தது, கல்விக் கடன். அதில் கையெழுத்துப் போட்டவர் அவருடைய அப்பா, வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். வங்கி நோட்டீஸ் அப்பா பெயருக்கு வந்தது. அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. "கொடுத்துவைத்த பெற்றோர்" என்று சபையார் வாழ்த்திக்கொண்டிருந்தபோது, அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "ஆண்டவர் கூப்பிட்டது என் பிள்ளையைத்தானே ஐயா? வட்டியை ஏன் நாங்கள் கட்டுகிறோம்?"

அந்த இளைஞரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவரைத் தேர்வு செய்தவர்கள் இரட்சிப்பின் அனுபவத்தைக் கேட்டார்கள், அழைப்பைக் கேட்டார்கள், எந்த வசனத்தின் மூலம் அழைப்பு உறுதியானது என்றுகூடக் கேட்டார்கள். கடன் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாற்கு 7இல் இயேசு கண்டித்தது இதைத்தான். பெற்றோருக்குச் சேர வேண்டிய உதவியைக் "கொர்பான்", அதாவது தேவனுக்கு என்று சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று அன்று ஒரு வழக்கம் இருந்தது. காணிக்கை என்ற பெயரில் ஐந்தாம் கற்பனையை அவமாக்குகிறீர்கள் என்றார் அவர். பணம் தேவனுக்குப் போகிறது என்பது அவர் கோபத்தைக் குறைக்கவில்லை.

உடனே லூக்கா 14:26ஐ எடுத்துக் காட்டுவார்கள், தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால் சீஷனாக முடியாது என்ற வசனம். அது கடினமான வசனம்தான். நான் அதை மழுப்ப விரும்பவில்லை. விசுவாசத்துக்காக வீட்டைவிட்டே துரத்தப்பட்டவர்களை அறிவேன். அவர்களுக்கு அந்த வசனம் அன்றாட வாழ்க்கை. ஆனால் வீட்டாரின் கோபத்தை ஏற்றுக்கொள்வது வேறு, அவர்களைப் பசியில் விடுவது வேறு. அவர்கள் கோபம் நீங்கள் கொடுக்கும் விலை. அவர்கள் பசி அவர்கள் கொடுக்கும் விலை. அதை உங்கள் சாட்சியில் சேர்த்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை.

"எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே" என்ற பேதுருவையே பாருங்கள். வலையை விட்ட பிறகு இயேசு அவன் வீட்டுக்கு வந்து, காய்ச்சலில் கிடந்த மாமியாரைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, கேபா, அதாவது இதே பேதுரு, தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு பயணம் செய்கிறான் என்கிறார் (1 கொரி. 9:5). எலிசா பெற்றோரை முத்தமிட்டு விடைபெற்றான். ஏர்மாடுகளை அடித்துச் சமைத்து ஜனங்களுக்கு விருந்து வைத்துவிட்டுத்தான் எலியாவின் பின்னால் போனான். சிலுவையில் தொங்கியபோதும் இயேசு தம் தாய்க்கு ஒரு வீட்டை ஏற்பாடு செய்தார்.

மிஷனரி வில்லியம் கேரியின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1793இல் வங்காளத்துக்கு வந்தவர், 1801இல் வங்காள மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சில் கொடுத்தவர். அந்த உழைப்புக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவர் மனைவி டாரதி முதலில் வர மறுத்தவர். பிறகு தன் தங்கை உடன்வருவாள் என்ற ஏற்பாட்டின்பேரில் கைக்குழந்தையோடு கப்பல் ஏறியவர். 1794இல் அவர்களுடைய மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். டாரதியின் மனநிலை குலைந்தது. 1807இல் இறக்கும்வரை அவர் அதிலிருந்து மீளவில்லை. நாம் சொல்லும் கதையில் அவருக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. ஒதுக்கினாலும் "ஒத்துழைக்காத மனைவி" என்றுதான் வருகிறது. ஊழியத்துக்குப் புறப்படும் ஒவ்வொரு கணவரும் டாரதியின் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆகவே என்னிடம் வருகிறவர்களிடம் அழைப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே சிலவற்றைக் கேட்கிறேன். கடன் யார் பெயரில் இருக்கிறது? தங்கை திருமணத்துக்கு என்ன செய்வதாக வீட்டில் சொல்லியிருக்கிறீர்கள்? அப்பாவின் மருந்துச் செலவு யாருடையது? திருமணமானவர் என்றால் மனைவியிடம் தனியாகப் பேசுவேன். கணவர் பக்கத்தில் இருக்கும்போது வரும் "சரி" எனக்குப் போதாது. கடன் தீரும்வரை வேலையில் இருங்கள் என்று பலரை அனுப்பியிருக்கிறேன். அது கீழ்ப்படியாமை அல்ல. ஆனால் அந்தக் காத்திருப்புக்கு ஒரு தேதி இருக்க வேண்டும். கடன் முடியட்டும் என்பது வீடு கட்டி முடியட்டும், பிள்ளை படித்து முடிக்கட்டும் என்று நீளுமானால், லூக்கா 9இல் இயேசுவைப் பின்பற்றுவதைத் தள்ளிப்போட "முன்பு நான்... உத்தரவு கொடும்" என்று கேட்டவர்களின் வரிசையில் நீங்கள் போய் நிற்கிறீர்கள்.

எல்லாத் துன்பத்தையும் உபத்திரவம் என்பது

1 பேதுரு 4:15ஐ வாசியுங்கள். கொலைகாரனும் திருடனும் நிற்கும் அதே வரிசையில், பிறர் காரியத்தில் தலையிடுகிறவனும் நிற்கிறான். அவன் படும் பாடு விசுவாசத்துக்காகப் படும் உபத்திரவம் அல்ல.

அடுத்தவர் சிலுவையை எட்டிப் பார்ப்பது

இன்னொரு சீஷனைப் பற்றிக் கேட்ட பேதுருவிடம், உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா என்றார் இயேசு (யோவான் 21:22). அவ்வளவுதான்.

எந்த விலை என்று நாமே முடிவு செய்வது

கிராமங்களுக்கு நடந்துபோய்ச் சுவிசேஷம் சொல்வதே தன் வேலை என்று மிஷனரி எமி கார்மைக்கேல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். 1901இல் கோயிலுக்கு ஒப்புக்கொடுக்கப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி அவரிடம் வந்தாள். அதன்பின் டோனாவூரில் குழந்தைகளை வளர்ப்பதே அவர் வேலையாயிற்று. ஊர் ஊராகப் போக நினைத்தவர், தொட்டில்களை விட்டு நகர முடியாமல் இருந்தார். 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமே கழிந்தது. இவற்றில் எதையும் அவர் கேட்டு வாங்கவில்லை.

இளைஞர்கள் காட்டுக்குள் சாகத் தயார் என்கிறார்கள். ஆபீஸில் கணக்கு எழுதச் சொன்னால் அழைப்பு இல்லை என்கிறார்கள். காட்டைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அவர்களிடம் கேட்கிறேன். சிலுவையை "அனுதினமும்" எடுக்கும்படி லூக்கா 9:23 சொல்கிறது. அநேக நாட்கள் பார்வையாளர் இல்லாத நாட்கள்தான்.

பலனைப் பற்றி வாய் திறக்க வெட்கப்படுவது

காணிக்கை கொடுத்தால் கார் வரும் என்று போதிப்பவர்களுக்குப் பயந்து, பலனே இல்லை என்பதுபோல் பேசப் பழகிவிட்டோம். பேதுரு பலனைப் பற்றிக் கேட்டபோது இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பட்டியலே கொடுத்தார்: இம்மையிலே, துன்பங்களோடுகூட, நூறத்தனையாக வீடுகள், சகோதரர், சகோதரிகள், தாய்கள், பிள்ளைகள், நிலங்கள், மறுமையிலே நித்தியஜீவன் (மாற்கு 10:30). எமி கார்மைக்கேல் திருமணம் செய்யவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவரை அம்மா என்றார்கள். எனக்குத் தெரிந்த ஊழியர்களில் எத்தனையோ பேர் எந்த ஊரில் இறங்கினாலும் கதவைத் தட்ட ஒரு வீடு இருக்கிறது என்று சொல்வார்கள். இந்த மகிழ்ச்சியைப் புதியவர்களிடம் மறைப்பது அநியாயம்.

அந்த வீடுகள் எங்கிருந்து வருகின்றன? இன்னொரு சீஷன் தன் கதவைத் திறப்பதால் வருகின்றன. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா எழுந்து, மிஷனரிகள் தங்கள் பொருளையும் சரீரத்தையும் கொடுத்ததை நன்றியோடு சொன்னார். பிறகு, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். பெரும் விலை கொடுத்தவர்களும் இந்தியச் சகோதரனைச் சரிசமமாகத் தங்கள் வீட்டில் உட்கார வைக்கத் தவறியிருந்தார்கள். அசரியா 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர்களில் முதல் பேராயர் அவர்.

ஊழியர் ஒருவர் விடுமுறையில் உங்கள் ஊருக்கு வந்தால் பிரசங்க மேடையைக் கொடுத்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா என்று கேளுங்கள். ஊரில் தனியாக இருக்கும் அவருடைய பெற்றோரை மருத்துவமனைக்கு யார் கூட்டிப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். ஒருவரும் இல்லை என்றால் நீங்கள் போங்கள்.