நுரையீரலுக்கு மரபணுவைச் சுமக்கும் திரவங்கள்: ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

மரபணு மருந்தை நுரையீரலுக்குள் கொண்டுசேர்க்க உப்புக்கரைசல், சர்ஃபாக்டன்ட் (நுரையீரலின் உட்புறத்தில் இயல்பாகவே படிந்திருக்கும் வழவழப்பான பொருள்), பெர்ஃப்ளூரோகார்பன் (கார்பனும் ஃப்ளூரினும் சேர்ந்த கனத்த திரவம்) எனப் பல திரவங்கள் சோதிக்கப்பட்டுள்ளன. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதிலேயே பிழை தொடங்குகிறது. எந்த மருந்தோடு, எந்தச் செல்லுக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் மரபணு சேர வேண்டிய இடம் மூச்சுக்குழாய்ச் சுவர். சர்ஃபாக்டன்டில் உள்ள ‘புரதம் பி’ இல்லாத குறைபாட்டில் அந்த இடம் காற்று நுண்ணறைகள். சர்ஃபாக்டன்ட் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் மருந்து ஓரங்கள் வரை பரவும். முழு நுரையீரலையும் அரைத்து, சேர்த்த மரபணு உருவாக்கிய மொத்தப் புரதத்தை அளந்தால் அதுவே வென்றதாகத் தோன்றலாம். மூச்சுக்குழாய்க்குக் கிடைத்தது எவ்வளவு என்பது தெரியாது. திசுவை நுண்ணோக்கியில் பார்க்காத ஒப்பீட்டை நான் நம்புவதில்லை. சாயம் பரவிய படமும் போதாது. திரவம் போய்ச்சேர்ந்த இடத்தையே அது காட்டும்; மரபணு அங்கே வேலை செய்ததா என்பதை அல்ல.

மருந்துக்கும் திரவத்துக்கும் ஒத்துப்போகிறதா என்பதையும் பலர் பார்ப்பதில்லை. விலங்கு ஆய்வுகளில் அடினோவைரஸுக்கு (மரபணுவைச் சுமக்கப் பயன்படும் ஒரு வைரஸ்) துணைபுரிந்த சர்ஃபாக்டன்ட், லிப்பிடில், அதாவது கொழுப்புப் பொருளில், பொதிந்த டிஎன்ஏவின் வேலையைத் தடுத்துவிடலாம். பெர்ஃப்ளூரோகார்பன் நீரோடு கலக்காது. அடர்த்தியும் நீரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதில் வைரஸ் கரைந்திருப்பதாக நினைத்து அளவைக் கணக்கிடக் கூடாது. வைரஸ் உப்புக்கரைசலில் போகும். கனத்த திரவம் அதைப் பரப்ப உதவும். உப்புக்கரைசலும் எதிலும் தலையிடாத திரவம் அல்ல. அதன் அயனிகள், பாலிமர் என்ற நீள் மூலக்கூறுகளில் டிஎன்ஏவைப் பொதிந்த துகள்களைத் திரளச் செய்யும். அதனாலேயே சிலர் 5% குளுக்கோஸை நாடுகிறார்கள்.

கொடுக்கும் கன அளவு மாறினால் மருந்து இறங்கும் ஆழமும் மாறும். அதைச் சமமாக்காமல் ஒப்பிடுவது வீண்.

மரபணு இல்லாமல், அதைச் சுமக்கும் பொருளை மட்டும் பெறும் குழுவும் தேவை. 2015இல் வெளியான பிரிட்டன் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் சோதனையில் லிப்பிட்-டிஎன்ஏ மருந்து 5 மில்லி, மாதம் ஒருமுறை, நெபுலைசரில் (மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சோடு உள்ளிழுக்கத் தரும் கருவி) தரப்பட்டது, எதிர்க்குழுவுக்கு 0.9% உப்புக்கரைசல். ஓராண்டில் மூச்சுத்திறன் அளவீட்டில் 3.7% வேறுபாடு தெரிந்தது. இதில் லிப்பிடின் பங்கு எவ்வளவு, மரபணுவின் பங்கு எவ்வளவு என்று இந்த அமைப்பைக் கொண்டு பிரிக்க முடியாது.

மயக்க நிலையில் உள்ள எலிக்குச் சொட்டாக விட்டுக் கிடைத்த முடிவை நெபுலைசருக்கு அப்படியே பொருத்துவோரும் உண்டு. காற்றின் வேகத்தால் துளியாக்கும் ஜெட் நெபுலைசரின் விசையில், எதிலும் பொதியப்படாத பிளாஸ்மிட் (வளைய வடிவ) டிஎன்ஏ துண்டாகும். வெளிவரும் நுண்துளிகளைச் சேகரித்து, டிஎன்ஏ முழுதாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்; திரவங்களை ஒப்பிடுவது அதற்குப் பிறகுதான்.